போக எட்டு மணி, வர ஏழு மணி

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்கும் இடையே 5,540 கிலோமீட்டர். எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் அதேதான். ஆனால் கால அட்டவணையைப் பார்த்தால் லண்டனிலிருந்து போக எட்டு மணி நேரம் அளவில் போட்டிருப்பார்கள். திரும்பி வர ஏழு மணி நேரம்தான். விமானம் ஒன்றே, எஞ்சின் ஒன்றே, ஒரு மணி நேரம் மட்டும் எங்கேயோ போய்விடுகிறது.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் ‘தூரம் இவ்வளவு, பயண நேரம் இவ்வளவு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடும் இணையப் பக்கங்கள் ஏராளம். அவை தரும் தூரத்தை நம்பலாம். நேரத்தை நம்பி அடுத்த டிக்கெட்டைப் போடக் கூடாது. தூரம் வெறும் வடிவியல். நேரத்தில் காற்றும், நாடுகளுக்கு இடையிலான சண்டையும், ஓடுபாதை எந்த மூலையில் இருக்கிறது என்பதும் கலந்திருக்கின்றன.

தூரத்தை நாமே போட்டுப் பார்க்கலாம்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஆதாரப் புள்ளி என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கையில் இருந்தால், சைன், கொசைன் பொத்தான்கள் உள்ள ஒரு கால்குலேட்டர் போதும்.

ஹீத்ரோ: 51.47 பாகை வடக்கு, 0.46 பாகை மேற்கு. ஜே.எஃப்.கே.: 40.64 வடக்கு, 73.78 மேற்கு. முதலில் அட்சரேகைகளின் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அதன் சைனை எடுத்து வர்க்கப்படுத்துங்கள்: 0.0089. தீர்க்கரேகை வித்தியாசத்துக்கும் அதையே செய்தால் 0.3565. இந்த இரண்டாவது எண்ணை இரு அட்சரேகைகளின் கொசைன்களாலும் பெருக்கி, முதல் எண்ணோடு கூட்டினால் 0.1774 வரும். அதன் வர்க்கமூலம் 0.4212. எந்தக் கோணத்தின் சைன் இது? 24.91 பாகை. இரட்டித்தால் 49.82. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது 111.19 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 5,540 வந்து நிற்கும். ‘ஹேவர்சைன்’ சூத்திரம் என்பது இவ்வளவுதான்.

இன்னொரு தளத்தில் பார்த்தால் இதே இரண்டு நிலையங்களுக்கு 5,555 கிலோமீட்டர் என்றிருக்கும். இரண்டுமே சரி. மேலே உள்ள கணக்கு பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. துருவங்களில் சற்றே சப்பையான அந்த வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் பதினைந்து கிலோமீட்டர் கூடிவிடுகிறது. இந்த வேறுபாடு அதிகம் போனால் ஏறத்தாழ அரை சதவீதம்தான். பயணிக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

பொருட்டாக வேண்டியது அலகு. இதே தூரம் சாதாரண மைலில் ஏறத்தாழ 3,440, கடல் மைலில் ஏறத்தாழ 2,990. விமானி பேசுவது கடல் மைலில் (1.852 கிலோமீட்டர்), அமெரிக்கத் தளங்கள் காட்டுவது சாதாரண மைலில் (1.609 கிலோமீட்டர்). ‘மைல்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து சதவீதம் இடிக்கும்.

அதைவிடப் பெரிய பிழை, தவறான ஊரையே அளப்பது. கோஸ்டாரிகாவின் சான் ஹோசேவும் கலிபோர்னியாவின் சான் ஹோசேயும் தேடல் பெட்டியில் அடுத்தடுத்து வந்து நிற்கும். முன்னதன் குறியீடு எஸ்.ஜே.ஓ., பின்னது எஸ்.ஜே.சி. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போக நினைத்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னியில் போய் இறங்கியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பிடித்துக்கொள்வது நல்லது.

வரைபடம் சொல்லும் பொய்

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் லண்டனையும் நியூயார்க்கையும் ஸ்கேல் வைத்து இணைத்தால், கோடு அட்லாண்டிக்கின் நடுவே சாய்வாக இறங்கும். அந்தக் கோட்டின்படி, திசைகாட்டி முள் மாறாமல் பறந்தால் 5,760 கிலோமீட்டர் ஆகும். இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் வீண். உண்மையான குறுக்குவழி வடக்கே வளைந்து, அயர்லாந்து வழியாகப் போய் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் இறங்குகிறது. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். உருண்டையான ஒரு பந்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் விஷயம் உடனே விளங்கிவிடும். துபாய்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் அப்படி நூல் பிடித்தால் அது வடதுருவத்துக்குப் பக்கத்திலேயே போகும்.

உலகில் எந்த இரண்டு நிலையங்களை எடுத்தாலும் தூரம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. பூமியின் சுற்றளவில் பாதி அதுதான். அதற்கு மேல் ஏதாவது தளம் காட்டினால் அதை மூடிவிடலாம்.

அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரமல்ல

டிக்கெட்டில் புறப்படும் நேரம் என்று போட்டிருப்பது விமானம் மேலெழும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து, விமானம் வாயிலை விட்டுப் பின்னால் தள்ளப்படும் நேரம். சேரும் நேரம் என்பது போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடியும் கட்டை வைக்கும் நேரம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதை ‘பிளாக் டைம்’ என்பார்கள். தரையில் ஊர்ந்து போவது, ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இதில் அடக்கம்.

தூரம் குறையக் குறைய இந்தச் சில்லறை நேரமே பயணத்தை விழுங்கிவிடும். ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல் தெ கோல் வெறும் 348 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 23 நிமிடம் வரும். அட்டவணையிலோ ஒன்றேகால் மணிக்கு மேல் இருக்கும். ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடுவதால் விமானம் தன் முழு வேகத்தில் பறப்பது சொற்ப நேரமே. பல நாடுகளில் பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் உண்டு. அது மணிக்கு 463 கிலோமீட்டர்.

எனவே ‘தூரம் வகுத்தல் வேகம்’ என்ற பள்ளிக் கணக்கு இங்கே செல்லாது. கைக்கணக்கு வேண்டுமென்றால் இது போதும்: கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து ஒரு மணி நேரம் கூட்டுங்கள். பாரிஸுக்கு ஒரு மணி 25 நிமிடம் வருகிறது. லண்டன்–நியூயார்க்குக்கு ஏழரை மணி. போகும் எட்டுக்கும் வரும் ஏழுக்கும் சரியாக நடுவில். சிங்கப்பூர்–நியூயார்க் 15,349 கிலோமீட்டருக்குப் பத்தொன்பது மணி; அட்டவணையில் பதினெட்டரைக்கு மேல். காற்று எந்தப் பக்கம் என்று தெரியாதபோது இதைவிட நெருக்கமான மதிப்பு வேண்டியதில்லை.

அட்டவணை நேரத்தில் கொஞ்சம் கொழுப்பும் சேர்த்திருப்பார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் வந்தால் ‘சரியான நேரம்’ என்றுதான் இந்தத் துறையில் கணக்கு. அந்த எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள, வழக்கமாக ஆகும் நேரத்துக்கு மேல் சில நிமிடங்களை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானம் முக்கால் மணி தாமதத்தில் போய்ச் சேர்ந்தால், ‘வழியில் விரட்டிப் பிடித்துவிட்டார்’ என்று விமானியைப் புகழ்வார்கள். உண்மையில் அவரால் பெரிதாக விரட்ட முடியாது. ஒலியின் வேகத்தில் 0.84 மடங்கிலிருந்து 0.86 மடங்குக்கு ஏற்றினால், ஏழு மணிப் பயணத்தில் மிச்சமாவது பத்து நிமிடம். எரிபொருள் செலவோ மளமளவென்று ஏறும். மீதியெல்லாம் அந்தக் கொழுப்பிலிருந்து வந்ததுதான்.

காற்று

காணாமல் போன ஒரு மணி நேரத்துக்கு வருவோம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும்போது ஊர் நம்மை நோக்கி வரும், அதனால் சீக்கிரம் சேரலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நடப்பது நேர்மாறு. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது. சுழற்சியால் நேரடி லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் வெப்பமண்டலக் காற்றுக்கும் துருவக் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் இந்தச் சுழற்சியும் சேர்ந்து, நடு அட்சரேகைகளில், ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆற்றைப் போல ஓடும் காற்றை உண்டாக்குகின்றன. ஜெட் ஸ்ட்ரீம் அதுதான். மணிக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் சாதாரணம். குளிர்காலத்தில் வெப்ப வேறுபாடு கூடும், காற்றும் வலுக்கும்.

மைனஸ் 56 டிகிரி குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கிலோமீட்டர் அளவுதான். நீண்டதூர விமானம் அதில் 0.85 மடங்கில் பறந்தால் சுமார் 490 நாட். இது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பொறுத்த வேகம் வேறு. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால் 2,990 கடல் மைலுக்கு 6 மணி 6 நிமிடம். நூறு நாட் எதிர்க்காற்று என்றால் தரைவேகம் 390-ஆகிவிடும்: 7 மணி 40 நிமிடம். அதே நூறு நாட் பின்னாலிருந்து தள்ளினால் 590: 5 மணி 4 நிமிடம். போகவர மொத்தம் 12 மணி 44 நிமிடம். காற்றில்லாத நாளில் 12 மணி 12 நிமிடம்தான். போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று தோன்றும், மீட்க முடியாது. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், பின்காற்றைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறோம். அந்த 32 நிமிடம் போனது போனதுதான்.

2020 பிப்ரவரியில் கியாரா புயல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, பயணிகளோடு வந்த ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் பிடித்தது. தரைவேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை மிஞ்சவில்லை, விமானத்தைச் சுமந்த காற்றே அவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒலியை உண்மையிலேயே மிஞ்சிய கான்கார்ட் 1996 பிப்ரவரி 7 அன்று இதே தடத்தை 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் முடித்திருந்தது.

வட அட்லாண்டிக்கின் மேல் தினமும் இரண்டு தடவை, அன்றைய காற்றைப் பார்த்து, இணையான வான்தடங்களைப் புதிதாக வகுக்கிறார்கள். கிழக்கே போகும் தடங்கள் ஜெட் ஸ்ட்ரீமுக்குள்ளேயே அமையும். மேற்கே போகிறவை அதைத் தவிர்த்து விலகும். நேற்றுப் பறந்த பாதையில் இன்று பறக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். அதன் குறுக்குவழி துருவத்தை ஒட்டிப் போகிறது. விமானமோ சிங்கப்பூரிலிருந்து பெரும்பாலும் பசிபிக் வழியாகக் கிழக்கே கிளம்பும். நியூயார்க்கிலிருந்து திரும்பும்போதும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கேதான் போகும். போகும்போதும் வரும்போதும் பின்காற்று! ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குக் கூடுதலாகப் பறந்தும் நேரம் மிச்சமாகிறது. தூரத்தைக் குறைப்பது வேறு, நேரத்தைக் குறைப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

போகக் கூடாத வானம்

குறுக்குவழியில் நாடு இருக்கும். அந்த நாடு விட வேண்டும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ 8,000 கிலோமீட்டருக்கும் குறைவு, சைபீரியாவின் மேல் நேராகப் போனால் ஒன்பதரை மணி நேரம். 2022-இல் ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும் வடதுருவத்தைச் சுற்றியோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போக வேண்டியதாகி, பயணம் பதின்மூன்று மணி நேரமானது. தூரம் காட்டும் தளங்களில் எண் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. 2019 பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை பாகிஸ்தான் வான்பரப்பு மூடிக் கிடந்தபோது, டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் அரபிக்கடலுக்கு இறங்கிச் சுற்றின. இஸ்தான்புல் வரை நிற்காமல் போயிருக்க வேண்டிய சிறிய விமானம் நடுவில் தோகாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது.

அனுமதி இருந்தும் தவிர்க்கும் இடங்கள் உண்டு. திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டருக்கு மேல். கேபினில் காற்றழுத்தம் போனால் விமானம் மூவாயிரம் மீட்டருக்குச் சட்டென்று இறங்க வேண்டும். அங்கே இறங்கினால் மலைக்குள்தான். பயணிகளின் தலைக்கு மேல் இருக்கும் முகமூடிகளில் வழக்கமாகப் பதினைந்து நிமிட அளவுக்கே ஆக்சிஜன் இருக்கும். இதற்கென்று தனி ஏற்பாடு செய்த விமானங்கள் போகின்றன, மற்றவை சுற்றிக்கொண்டு போகின்றன.

இரட்டை எஞ்சின் விமானத்துக்கு இன்னொரு கட்டுப்பாடு: ஓர் எஞ்சின் நின்றால், மற்றதை வைத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு நிலையத்தை எட்டும்படிதான் பாதை அமைய வேண்டும். ஒரு காலத்தில் அது அறுபது நிமிடம். 1985-இல் 120 ஆனது. இப்போது ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி இருப்பதால், நடுக்கடல் ஒரு தடையாக இருந்த காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

தரையில் கரையும் நேரம்

ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் 2003-இல் திறந்த போல்டர்பான் என்ற ஓடுபாதை முனையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறது. அதில் இறங்கினால் விமானம் நெடுஞ்சாலைக்கு மேலே உள்ள பாலத்தைக் கடந்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊர்ந்து வரும். வேறு ஓடுபாதையில் இறங்கினால் ஐந்தே நிமிடத்தில் வாயில். எதில் இறங்குவது என்பதை அன்றைய காற்றும் போக்குவரத்தும் தீர்மானிக்கும்; டிக்கெட்டில் எழுதியிருக்காது.

ஹீத்ரோவில் நெரிசலான வேளையில் நான்கு காத்திருப்பு வளையங்களில் ஒன்றில் விமானத்தைச் சுற்றவிடுவார்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். விமானத் திரையில் இருக்கும் வரைபடத்தில் நீள்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால், ஒரு வட்டத்துக்கு நான்கு என்று கூட்டிக்கொள்ளலாம்.

கடிகாரத்தைக் கழித்தல்

டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் சர்வதேச நேரத்துக்கு, அதாவது யு.டி.சி.க்கு, மாற்றிவிட்டுத்தான் கழிக்க வேண்டும். லண்டனில் காலை 11-க்குக் கிளம்பி நியூயார்க்கில் பகல் 2-க்குச் சேர்ந்தால் மூன்று மணிப் பயணம் அல்ல. ஐந்து மணி வித்தியாசத்தைச் சேர்த்து எட்டு.

மாட்டிவிடுவது மார்ச் மாதம். அமெரிக்கா மார்ச்சின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. பிரிட்டனும் ஐரோப்பாவும் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் நான்கு மணிதான். அதே எட்டு மணிப் பயணம் அப்போது பகல் 3-க்குச் சேரும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் நடுவே ஒரு வாரம் இதே கூத்து. அடுத்த விமானத்தை அல்லது ரயிலைத் தனியாகப் பதிவு செய்தவர்கள் இந்த வாரங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

தேதிக்கோட்டைக் கடந்தால் இன்னும் வேடிக்கை. நியூசிலாந்தின் குளிர்கால நேரப்படி ஆக்லாந்தில் வெள்ளி இரவு 11-க்குக் கிளம்பினால் யு.டி.சி.யில் வெள்ளி பகல் 11. ஒன்பது மணி நேரம் பறந்தால் யு.டி.சி. இரவு 8. ஹொனலுலு அதற்குப் பத்து மணி பின்னால். அங்கே அதே வெள்ளி காலை 10. கிளம்புவதற்குப் பதின்மூன்று மணி நேரம் முன்பே வந்து சேர்ந்தாயிற்று. அறைக்கு எந்தத் தேதி போடுவது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

‘நேரடி விமானம்’ என்ற சொல்லிலும் கண் இருக்கட்டும். ஒரே எண் கொண்ட விமானம் நடுவில் ஓரிடத்தில் நின்று போனாலும் அதற்கு நேரடி என்றே பெயர். சிட்னியிலிருந்து சிங்கப்பூரில் நின்று லண்டன் போவது அப்படித்தான். நிற்காமல் போவது வேண்டுமென்றால் ‘இடைநில்லா’ என்று வடிகட்டித் தேட வேண்டும். அமெரிக்காவில் விமானம் மாறினால், வேறு நாட்டுக்கே போகிறவரும் பொதுவாகக் குடியேற்றச் சோதனையைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். உரிய விசாவோ முன் அனுமதியோ இல்லாமல் அங்கே மாறவே முடியாது.

உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டுமா? விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 போன்ற தடம் பார்க்கும் தளத்தில் போட்டு, கடந்த ஒரு வாரம் அந்த விமானம் எப்போது கிளம்பி எப்போது சேர்ந்தது என்று பாருங்கள். அதுதான் ஆதாரம். நீங்கள் போகப்போவது குளிர்காலம் என்றால் கோடைகாலப் பதிவை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

தூரம் காசாகும் இடம்

பெருவட்டத் தூரம் சட்டத்திலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, அசாதாரணச் சூழ்நிலை எதுவும் காரணமாக இல்லாமல் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் பொதுவாக 600. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸில் மாறி ஹாம்பர்க் போன பயணிகளின் வழக்கில், பறந்த தூரம் 1,656 கிலோமீட்டர். ரோமிலிருந்து ஹாம்பர்க்குக்கு நேராக 1,326 மட்டுமே. 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் நேர்த்தூரத்தையே எடுத்துக்கொண்டது. 400 கேட்டவர்களுக்கு 250 என்றாயிற்று.

நேரத்துக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்–பான் வந்த விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றபோது 3 மணி 3 நிமிடம். கதவு திறந்தது அதற்குச் சற்றுப் பின்னால். சேர்ந்த நேரம் என்பது எது? கதவு ஒன்றாவது திறந்து, பயணி வெளியே போக முடிகிற கணம்தான் என்று 2014-இல் அதே நீதிமன்றம் சொன்னது. தாமதமான விமானத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், இருக்கைப் பட்டை விளக்கு அணையும்போது அல்ல, கதவு திறக்கும்போது மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.